கோல்கீப்பர் பெனால்டி பகுதிக்கு வெளியே பந்தைக் கையால் தொட்டால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோல்கீப்பர் தன் பெனால்டி பகுதிக்குள் மட்டுமே பந்தைக் கையாளலாம் என்பது கால்பந்து பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது மீறப்படும் கணத்தில் அரங்கில் பாதிப் பேர் "சிவப்பு அட்டை!" என்று எழுந்து நிற்கிறார்கள், மறுபாதி "கால் உள்ளேதானே இருந்தது?" என்று மல்லுக்கு நிற்கிறது. இரண்டுமே விதி கேட்காத கேள்விகள். நடுவர் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. கை பந்தைத் தொட்ட இடம் எது? தொட்டதால் எதிரணி இழந்தது என்ன? முதலாவதன் விடை ஃப்ரீ கிக்கைத் தீர்மானிக்கிறது, இரண்டாவதன் விடை அட்டையைத் தீர்மானிக்கிறது. இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சண்டைகளில் பெரும்பாலானவை வருகின்றன.

கீழே உள்ள பதில்கள் சர்வதேச கால்பந்து சங்க வாரியம் வெளியிடும் ஆட்ட விதிகளை, முக்கியமாகத் தவறுகளைப் பற்றிய 12-ஆம் விதியை, ஒட்டியவை.

பெனால்டி பகுதியை விட்டு வெளியே வர கோல்கீப்பருக்கு அனுமதி உண்டா?

தாராளமாக வரலாம். நடுக்கோட்டைத் தாண்டலாம், எதிரணியின் கோல் வரைக்கும் கூடப் போகலாம். வெளியே வந்த கணமே அவர் கையுறை போட்ட சாதாரண ஆட்டக்காரர் ஆகிவிடுகிறார், அவ்வளவுதான். காலால், தலையால், மார்பால் ஆட எந்தத் தடையும் இல்லை.

2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் மானுவல் நோயர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். தற்காப்பு வரிசைக்குப் பின்னால் விழுந்த பந்துகளை நோக்கி மீண்டும் மீண்டும் வெளியே ஓடிவந்து, காலாலும் தலையாலும் வெட்டிவிட்டார். ஒரு முறை அரை நொடி பிந்தியிருந்தால் கதை வேறாகியிருக்கும். அந்த ஆட்டத்தில் அவர் காட்டிய துணிச்சலைவிட, கையை அடக்கி வைத்திருந்த கட்டுப்பாடுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சிறு வயதிலிருந்து பந்தைக் கண்டால் கையை நீட்டப் பழகியவருக்கு அது எளிதல்ல.

பெனால்டி பகுதி சரியாக எங்கே முடிகிறது?

ஒவ்வொரு கோல் கம்பத்தின் உட்புறத்திலிருந்தும் பக்கவாட்டில் 16.5 மீட்டர், கோல் கோட்டிலிருந்து ஆடுகளத்துக்குள் 16.5 மீட்டர். கோலின் அகலம் 7.32 மீட்டர் என்பதால் மொத்த அகலம் 40.32 மீட்டர் வரும். கோடுகள் அதிகபட்சம் 12 சென்டிமீட்டர் அகலம் இருக்கலாம். அந்தக் கோடுகள் தாம் சூழ்ந்துள்ள பகுதிக்கே சொந்தம். அதாவது கோட்டின் மேல் தொட்டால் உள்ளே தொட்டதாகவே கணக்கு.

பகுதியின் முகப்பில் வளைவாக ஒரு கோடு இருக்கிறதே, அது இதில் சேராது. பெனால்டி உதைக்கப்படும்போது மற்றவர்கள் பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதைக் காட்டவே அந்த வளைவு. அதற்குள் நின்று பந்தைப் பிடித்த கோல்கீப்பர் வெளியே பிடித்தவர்தான்.

கால் உள்ளே, கை வெளியே. இது தவறா?

தவறுதான். காலுக்கு இங்கே வேலையே இல்லை. கையும் பந்தும் சந்திக்கும் இடம் மட்டுமே கணக்கு. கோல்கீப்பர் இரண்டு கால்களையும் பகுதிக்குள் ஊன்றி, உடலை முன்னே சாய்த்து, கோட்டுக்கு அப்பால் வரும் பந்தைத் தட்டினால் அது வெளியே நடந்த ஹேண்ட்பால். மறுபக்கமாக, வெளியே விழுந்து கிடக்கும் கோல்கீப்பர் கையை மட்டும் நீட்டி உள்ளே இருக்கும் பந்தை அமுக்கினால் எந்தத் தவறும் இல்லை. தொலைக்காட்சியில் காலின் நிலையைக் காட்டி வட்டம் போட்டு விளக்குகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது. கால் எங்கே என்பது ஆஃப்சைடு பார்க்கும் பழக்கத்தின் மிச்சம்.

பந்து காற்றில், கோட்டுக்கு நேர் மேலே இருந்தால்?

கோட்டின் வெளி விளிம்பிலிருந்து செங்குத்தாக ஒரு சுவர் எழும்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவருக்கு உள்ளே தொட்டால் சரி, வெளியே தொட்டால் தவறு. களத்தில் இதை வெறுங்கண்ணால் பார்ப்பது கடினம். கோல்கீப்பர் தாவியபடி இரண்டு கைகளாலும் குத்தும்போது பந்து கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது, பக்கக் கோட்டில் சரியான இடத்தில் நிற்கும் துணை நடுவருக்கு மட்டுமே ஓரளவு தெரியும். உறுதியாகத் தெரியாவிட்டால் ஆட்டம் தொடரும். ஊகத்தில் ஊதுவது நடுவரின் வேலை இல்லை.

உள்ளே பிடித்த பந்தோடு சறுக்கி வெளியே போய்விட்டால்?

பிடித்தது சரி. ஆனால் கையில் பந்து இருக்கும்போதே கை கோட்டைத் தாண்டினால், தாண்டிய கணத்தில் தவறு நிகழ்ந்துவிடுகிறது. ஈரமான புல்லில் இது அடிக்கடி நடக்கும். "வேகத்தில் போய்விட்டேன்" என்பது விளக்கமாக இருக்கலாம், விதிவிலக்கு ஆகாது. தேர்ந்த கோல்கீப்பர் கோடு நெருங்குவது தெரிந்ததும் பந்தை விட்டுவிட்டு உடலால் மறித்துக்கொள்வார்.

பந்தைக் கையிலிருந்து உதைக்கும்போது கோட்டைத் தாண்டுவதை நடுவர்கள் கண்டுகொள்வதே இல்லையே?

கோல்கீப்பர் உதைக்க ஓடிவருவதைப் பக்கவாட்டிலிருந்து கவனித்துப் பாருங்கள். மூன்று நான்கு எட்டுகள் எடுத்து வருகிறார். கடைசி எட்டில் பந்தை உடலுக்கு முன்னால், கை நீட்டி, இடுப்பு உயரத்தில் பிடித்திருக்கிறார். கால் இன்னும் கோட்டுக்கு உள்ளே ஊன்றியிருக்கிறது; பந்தும் விரல்களும் ஏற்கெனவே வெளியே. பிறகு பந்தை விடுகிறார், கால் அதைச் சந்திக்கிறது. பார்வையாளர் பார்ப்பது கால் சந்திப்பதை. விதி பார்ப்பதோ விரல் விட்ட கணத்தை.

விரல்கள் பந்தை உள்ளேயே விட்டுவிட்டால், கால் அதை வெளியே உதைப்பதில் சிக்கல் இல்லை. விடும்போது பந்து வெளியே இருந்தால் நேரடி ஃப்ரீ கிக், அதாவது நேராகக் கோலுக்கு அடிக்கக்கூடிய உதை. இதைப் பார்க்கத்தான் துணை நடுவர் பெனால்டி பகுதிக் கோட்டுக்கு நேராக வந்து நிற்கிறார். ஆனால் ஒரு கையளவு வித்தியாசத்துக்காக, யாருக்கும் எந்த ஆதாயமும் இல்லாத இடத்தில், ஆபத்தான தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக் கொடுக்கப் பல நடுவர்கள் தயங்குகிறார்கள். முதல் முறை "கோட்டைப் பார்" என்று ஒரு வார்த்தை, அடுத்த முறை விசில் என்பதே வழக்கம். இந்தத் தயக்கத்தில் நான் குறை காண மாட்டேன். ஆனால் ஊதினால் அது சரியான தீர்ப்பே என்பதைக் கோல்கீப்பர்கள் மறக்கக் கூடாது.

வெளியே தொட்டால் என்ன தண்டனை?

எதிரணிக்கு நேரடி ஃப்ரீ கிக், கை தொட்ட இடத்திலிருந்து. பெனால்டி கிடையாது, ஏனென்றால் தவறு பகுதிக்கு வெளியே நடந்தது. தற்காப்பு அணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சுவர் கட்டினால், எதிரணியினர் அந்தச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது விலகி நிற்க வேண்டும்.

கையில் பட்டாலே தவறா? தற்செயலாகப் பட்டால்?

மற்ற ஆட்டக்காரர்களுக்கு உள்ள அளவுகோலே வெளியே வந்த கோல்கீப்பருக்கும். வேண்டுமென்றே தொட்டால் தவறு. கையை இயல்புக்கு மாறாக விரித்து உடலைப் பெரிதாக்கியிருக்கும்போது பட்டாலும் தவறு. உடலோடு ஒட்டிய கையில் அருகிலிருந்து அடித்த பந்து பட்டால் பொதுவாகத் தவறில்லை. அக்குளின் அடிப்பகுதிக்கு மேலே உள்ள தோள் கையாகவே கருதப்படாது. அதனால் வெளியே ஓடிவந்து தோளால் பந்தைத் தள்ளும் கோல்கீப்பரைப் பார்த்துக் கூச்சலிடுவதில் பயனில்லை.

"கோட்டைத் தாண்டிவிட்டேன் என்று தெரியாது" என்பது தற்செயல் கணக்கில் வராது. தொட்டது வேண்டுமென்றேதான். தெரியாமல் போனது இடம் மட்டுமே.

வெளியே கையால் தொட்டால் கண்டிப்பாகச் சிவப்பு அட்டையா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

தவறு என்பது ஒன்று, அட்டை என்பது வேறு. பக்கவாட்டில் யாரும் இல்லாத இடத்தில் கோல்கீப்பர் கவனக்குறைவாகக் கோட்டுக்கு வெளியே பந்தை எடுத்துவிட்டால் ஃப்ரீ கிக் மட்டுமே, அட்டை எதுவும் தேவையில்லை. வளர்ந்து வந்த ஒரு நல்ல தாக்குதலை அந்தக் கை தடுத்திருந்தால் மஞ்சள். ஒரு கோலையோ, தெளிவான கோல் வாய்ப்பையோ பறித்திருந்தால் சிவப்பு. பகுதிக்கு வெளியே என்பதால், அது வேண்டுமென்றே செய்த ஹேண்ட்பாலா, கை விரிந்திருந்ததால் நேர்ந்த ஹேண்ட்பாலா என்ற வேறுபாடும் சிவப்பைத் தவிர்க்க உதவாது.

தெளிவான கோல் வாய்ப்பு என்றால் என்ன? விதி நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. தவறு நடந்த இடத்துக்கும் கோலுக்கும் உள்ள தூரம், ஆட்டம் போய்க்கொண்டிருந்த பொதுவான திசை, தாக்குபவர் பந்தைத் தன் கட்டுக்குள் வைத்திருக்கவோ கொண்டுவரவோ இருந்த வாய்ப்பு, தற்காப்பு ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் எங்கே இருந்தார்கள் என்பது. கோல்கீப்பரைத் தாண்டினால் பெரும்பாலும் காலி கோல்தான் என்பதால், இத்தகைய சம்பவங்களில் சிவப்பு அட்டை அதிகம் வருவது உண்மை. அதனால்தான் அது கட்டாயம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது.

இதன் பழைய உதாரணம் 1994 உலகக் கோப்பை. இத்தாலி, நார்வேக்கு எதிராக ஆடிய 21-ஆவது நிமிடத்தில் கோல்கீப்பர் ஜான்லூகா பாலியூக்கா பகுதிக்கு வெளியே ஓடிவந்து பந்தைக் கையால் தடுத்தார். தனியாகப் பாய்ந்து வந்த தாக்குபவருக்கு முன்னால் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. உலகக் கோப்பை இறுதிச் சுற்றுகளில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் கோல்கீப்பர் அவர்தான்.

2025-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் டீன் ஹென்டர்சனுக்கு ஏன் அட்டையே கிடைக்கவில்லை?

இந்தக் கேள்விதான் இன்று அதிகம் வருகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. நடந்தது இது. 2025 மே 17 அன்று வெம்பிளியில் கிரிஸ்டல் பேலஸும் மான்செஸ்டர் சிட்டியும் மோதின. முதல் பாதியில் சிட்டியின் ஏர்லிங் ஹாலண்டுக்கு நீண்ட பந்து ஒன்று வந்தது. பேலஸ் கோல்கீப்பர் ஹென்டர்சன் ஓடிவந்து, கோட்டுக்கு வெளியே, கையால் அதைத் தட்டிவிட்டார். களத்தில் இருந்த நடுவர் ஊதவில்லை.

வீடியோ துணை நடுவர் குழு பார்த்தது. ஆனால் எல்லாத் தவறுகளையும் திருத்தும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இல்லை. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகியவற்றில் மட்டுமே அது தலையிட முடியும் என்பதே அந்த ஆட்டத்தின் போது இருந்த நிலை. எனவே அவர்கள் முன்னால் இருந்த கேள்வி "வெளியே தொட்டாரா?" என்பது மட்டும் அல்ல, "இது தெளிவான கோல் வாய்ப்பைப் பறித்ததா?" என்பதும்தான். ஹாலண்ட் கோலை விட்டு விலகிய திசையில் போய்க்கொண்டிருந்தார் என்று முடிவெடுத்தார்கள். சிவப்பு இல்லை. சிவப்பு இல்லையென்றால் தலையிடவும் முடியாது. தலையிட முடியாதபோது ஒரு மஞ்சளோ, குறைந்தபட்சம் ஒரு ஃப்ரீ கிக்கோ கூடத் தர வழியில்லை.

பார்த்தவர்களுக்கு எரிச்சல் வந்தது இந்த இடத்தில்தான். தவறு நடந்ததைக் காட்சி காட்டுகிறது. ஆனால் அதற்கு ஒன்றுமே நடக்கவில்லை. பின்னர் ஹென்டர்சன், சிட்டியின் ஒமர் மர்மூஷ் அடித்த பெனால்டியையும் தடுத்தார். எபெரேச்சி எஸே அடித்த ஒரே கோலில் பேலஸ் 1-0 என்று வென்றது.

என் கருத்தைக் கேட்டால், நான்கு அளவுகோல்களில் திசை ஒன்றுக்கு அன்று கூடுதல் எடை போடப்பட்டுவிட்டது. பந்து சற்றுப் பக்கவாட்டில் போனது உண்மை. ஆனால் கோல்கீப்பர் ஆட்டத்திலிருந்து விலகிவிட்ட நிலையில், ஹாலண்டின் வேகத்துக்கு அடுத்த தொடுதலில் பந்து அவர் கட்டுக்குள் வந்திருக்கும். நான் சிவப்பின் பக்கம் சாய்வேன். அதே சமயம், மறுபக்கம் சாய்ந்தவர்களை விதி தெரியாதவர்கள் என்று சொல்ல முடியாது. விதி "பொதுவான திசை" என்று எழுதியிருக்கிறது. எத்தனை பாகை விலகினால் வாய்ப்பு போய்விடும் என்று எழுதவில்லை. உண்மையான பிழை களத்தில் விசில் ஊதப்படாததுதான். அது ஊதப்பட்டிருந்தால் ஃப்ரீ கிக்காவது மிஞ்சியிருக்கும்.

"பந்தைத்தான் ஆட முயன்றார்" என்பது சிவப்பை மஞ்சளாகக் குறைக்காதா?

இங்கே குறைக்காது. அந்தச் சலுகை பெனால்டி பகுதிக்குள் நடக்கும் தவறுகளுக்கு 2016-இல் வந்தது. பெனால்டி கொடுக்கும்போது பறித்த வாய்ப்பு ஏறத்தாழத் திரும்பக் கிடைத்துவிடுகிறது. அதன் மேல் சிவப்பும் அடுத்த ஆட்டத் தடையும் சேர்வது அதிகம் என்பது அதன் காரணம். வெளியே நடந்த தவறுக்குப் பெனால்டி இல்லை, ஆகவே சலுகையும் இல்லை.

2022 உலகக் கோப்பையில் வேல்ஸ் கோல்கீப்பர் வெய்ன் ஹென்னஸி இதை அனுபவித்தார். அவர் கையால் தொடவில்லை. வெளியே ஓடிவந்து ஈரானின் மெஹ்தி தாரெமி மீது மோதினார். முதலில் மஞ்சள் காட்டிய நடுவர், வீடியோவைப் பார்த்தபின் சிவப்பாக மாற்றினார். அப்போது 86-ஆவது நிமிடம், கோல் எதுவும் இல்லை. 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தில் ஈரான் இரண்டு கோல் அடித்து வென்றது.

பகுதிக்குள் கோல்கீப்பர் பேக்பாஸைக் கையால் தடுத்துக் கோலைக் காப்பாற்றினால் அட்டை இல்லை. ஓர் அடி வெளியே தொட்டால் சிவப்பு. இது என்ன நியாயம்?

கேட்க விசித்திரமாகத்தான் இருக்கிறது. 1992-இலிருந்து, சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் அனுப்பிய பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. மீறினால் மறைமுக ஃப்ரீ கிக் (நேராகக் கோலுக்குள் அடித்தால் கணக்கில் வராத உதை), பொதுவாக அட்டை இல்லை. காரணம், தன் பகுதிக்குள் கையைப் பயன்படுத்துவது அவருக்குரிய உரிமை. அந்த உரிமையைத் தவறான நேரத்தில் பயன்படுத்தினார் என்று மட்டுமே விதி கருதுகிறது. வெளியே அந்த உரிமையே கிடையாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. கோல்கீப்பரே ஃப்ரீ கிக்கையோ கோல் கிக்கையோ எடுத்துவிட்டு, வேறு யாரும் தொடும் முன் மீண்டும் தானே தொட்டு ஒரு நல்ல தாக்குதலையோ தெளிவான கோல் வாய்ப்பையோ தடுத்தால், உள்ளே நின்றிருந்தாலும் அட்டை வரும்.

கோல்கீப்பர் வெளியே கையால் தட்டியும் பந்து தாக்குபவரிடமே போய், அவர் கோல் அடித்துவிட்டால்?

கோல் கணக்கில் வரும். நடுவர் ஆதாய விதிப்படி ஆட்டத்தைத் தொடர விட்டிருப்பார். கோல் விழுந்துவிட்டதால் பறிக்கப்பட்ட வாய்ப்பு என்று ஒன்று இல்லை. கோல்கீப்பருக்குச் சிவப்பு இல்லை.

சிவப்பு அட்டைக்குப் பிறகு அந்த ஃப்ரீ கிக்குக்கு யார் கோலில் நிற்பது?

கோல்கீப்பர் இல்லாமல் ஓர் அணி ஆட முடியாது. மாற்று வாய்ப்பு மிச்சம் இருந்தால், களத்தில் உள்ள ஒருவரை வெளியே அழைத்து மாற்று கோல்கீப்பரை இறக்குவார்கள். பத்துப் பேரில் யாரை வெளியே அழைப்பது என்பது பயிற்சியாளரின் தலைவலி. பாலியூக்கா வெளியேறியபோது இத்தாலியின் பயிற்சியாளர் அரீகோ சாக்கி, அணியின் பெரிய நட்சத்திரமான ரொபெர்த்தோ பாஜியோவையே வெளியே எடுத்தார். நம்ப முடியாத முகத்தோடு பாஜியோ நடந்து போன காட்சி இன்றும் சுற்றுகிறது. ஆனால் இத்தாலி 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் இன்னொரு பாஜியோ, டீனோ.

மாற்று வாய்ப்போ மாற்று கோல்கீப்பரோ இல்லையென்றால், களத்தில் உள்ள ஒருவர் வேறு நிறச் சட்டை அணிந்து கையுறை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். 2019 நவம்பரில் அட்லாண்டாவுக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டிக்கு அது நேர்ந்தது. எடர்சனுக்குப் பதிலாக இடைவேளையில் வந்த கிளாவ்டியோ பிராவோ, வெளியே ஓடிவந்து செய்த தவறுக்காகச் சிவப்பு வாங்கினார். தற்காப்பு ஆட்டக்காரர் கைல் வாக்கர் கோலில் நின்று 1-1 என்ற நிலையைக் காப்பாற்றினார். இதே பிராவோ 2016-இல் பார்சிலோனாவில், தன் தவறான பாஸ் லூயிஸ் சுவாரஸிடம் போய்ச் சேர, அவர் அடித்த பந்தைப் பகுதிக்கு வெளியே கையால் தடுத்துச் சிவப்பு வாங்கியவர். அன்று சிட்டி 4-0 என்று தோற்றது.

புதிய கோல்கீப்பர் சுவரை ஒழுங்கு செய்யும் வரை எதிரணி காத்திருக்க வேண்டுமா?

நடுவர் விசில் ஊதியபின் காத்திருக்க வேண்டியதில்லை. 2019 நவம்பர் 30 அன்று பிரைட்டனுக்கு எதிராக லிவர்பூலின் அலிசன் பெக்கர் வெளியே கையால் தடுத்துச் சிவப்பு வாங்கினார். குளிரில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்த அட்ரியன், கம்பத்தை ஒட்டி நின்று சுவரை இடம் வலமாக நகர்த்திக்கொண்டிருந்தார். விசில் கேட்டது. பிரைட்டனின் லூயிஸ் டங்க் சட்டென்று பந்தைத் தாழ்வாக மறுபக்கம் தள்ளிவிட்டார். அட்ரியன் திரும்புவதற்குள் கோல். லிவர்பூல் எப்படியோ 2-1 என்று வென்றது. கோல்கீப்பர் பயிற்சியில் சொல்லித் தர வேண்டிய காட்சி இது: விசிலுக்கு முன் சுவர் முடிந்திருக்க வேண்டும், முடியாவிட்டால் சுவரை மறந்து பந்தைப் பார்க்க வேண்டும்.

வெளியே இருக்கும் பந்தைக் காலால் உள்ளே கொண்டுவந்து கையில் எடுக்கலாமா?

அந்தப் பந்து எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. எதிரணி அடித்த பந்து என்றால், வெளியே போய்க் காலால் அடக்கி, உருட்டிக்கொண்டு உள்ளே வந்து எடுக்கலாம். சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் அனுப்பியதோ, அவரது த்ரோ-இன்னிலிருந்து நேராக வந்ததோ என்றால் எடுக்கக் கூடாது. கோல்கீப்பரே கையில் வைத்திருந்து தரையில் போட்ட பந்து என்றால், வேறொருவர் தொடும் வரை மீண்டும் கையில் எடுக்கக் கூடாது. இவை இரண்டுக்கும் மறைமுக ஃப்ரீ கிக்.

சக ஆட்டக்காரர் தலையால் தட்டித் தந்த பந்தை வெளியே பிடிக்கலாமா?

கூடாது. தலையால் தந்தது என்ற விலக்கு உள்ளே மட்டும்.

எதிரணியின் பெனால்டி பகுதிக்குள் போனால் கை உரிமை திரும்புமா?

திரும்பாது. உரிமை தன் பகுதிக்கு மட்டும். கடைசி நிமிடக் கார்னர் கிக்குக்காக முன்னே ஓடும் கோல்கீப்பரின் கையில் பட்டு நேராகக் கோலுக்குள் போனால், அது தற்செயலாகப் பட்டிருந்தாலும் கோல் இல்லை. இன்னொரு சுவையான செய்தி: கோல்கீப்பர் தன் பகுதிக்குள் நின்று வீசிய பந்து, யார் மீதும் படாமல் எதிரணியின் கோலுக்குள் நேராகப் போனாலும் கோல் கிடையாது, எதிரணிக்குக் கோல் கிக். அவ்வளவு தூரம் வீசக்கூடியவர் யார் என்று கேட்காதீர்கள், விதி எழுதுகிறவர்கள் எதையும் விட்டுவைப்பதில்லை.

8 நொடி விதி இதோடு தொடர்புடையதா?

தொடர்பில்லை. அது பகுதிக்குள் பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரம் பற்றியது. 2025-26 பருவத்திலிருந்து 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக். கடைசி 5 நொடிகளை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்டுவார். ஒரு மறைமுக விளைவு மட்டும் உண்டு. எண்ணிக்கை ஓடும்போது அவசரப்படும் கோல்கீப்பர், உதைக்கும் ஓட்டத்தில் கோட்டைத் தாண்டிவிடக்கூடும்.

இந்த எல்லை எப்போது வந்தது? ஆதியிலிருந்தே இப்படித்தானா?

இல்லை. கோல்கீப்பர் என்ற ஆட்டக்காரர் விதியில் இடம்பெற்றது 1871-இல். 1912 வரை அவர் தன் அணியின் பாதி ஆடுகளம் முழுவதிலும் பந்தைக் கையாளலாம். கையில் தூக்கிக்கொண்டு நடக்க மட்டும் கட்டுப்பாடு இருந்தது. தட்டித் தட்டிக்கொண்டு போகத் தடையில்லை.

ஸ்டோக், சண்டர்லேண்ட் அணிகளுக்கு ஆடிய வேல்ஸ்காரர் லீ ரிச்மண்ட் ரூஸ் இந்த ஓட்டையை முழுதாகப் பயன்படுத்தினார். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நடுக்கோடு வரை ஓடி, அங்கிருந்து தாக்குதலைத் தொடங்கிவிடுவார். நல்ல உடற்கட்டு உள்ளவர். குறுக்கே வருகிறவர்களைத் தோளால் இடித்துத் தள்ளவும் தயங்காதவர். 1912-இல் கையாளும் உரிமை பெனால்டி பகுதிக்குள் சுருக்கப்பட்டதற்கு அவரது ஆட்டமே காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். அவர் ஒருவருக்காகவே விதி மாறியது என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்வது நல்லது. ஆனால் பார்வையாளர்கள் கோல்கீப்பர் ஓடுவதைவிட மற்ற பத்துப் பேர் ஆடுவதைப் பார்க்க விரும்பியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஐவர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சாலிலும் இதே விதியா?

அடிப்படை ஒன்றே. ஆனால் அங்கே பெனால்டி பகுதி கம்பங்களிலிருந்து 6 மீட்டர் ஆரத்தில் வளைவாக வரையப்படுகிறது. நேர்க்கோட்டுக்குப் பழகிய கோல்கீப்பர், மூலைப் பக்கம் பாயும்போது எல்லை தான் நினைத்ததைவிட முன்பே முடிந்துவிடுவதைக் காண்பார். வெளியே கையால் தொட்டால் நேரடி ஃப்ரீ கிக். அது அணியின் தவறுகள் கணக்கிலும் சேரும். ஒரு பாதியில் ஆறாவது தவறிலிருந்து எதிரணிக்குச் சுவர் இல்லாத நேரடி உதை கிடைக்கும் என்பதால், அங்கே அட்டை வாங்காத ஹேண்ட்பாலும் மலிவானதல்ல.